இணையக் கல்வி வளங்களுக்குள் மாணவரை அழைத்துச் செல்ல உவமையைக் கையாளும் முறை

இலங்கைப் பாடத்திட்டத்தைத் தமிழில் படிக்கும் ஒரு மாணவருக்கு வேண்டிய பாடவளங்களில் பெரும்பகுதி இன்று இணையத்தில் காசில்லாமலே கிடைக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களைப் பதிவிறக்கத் தருகிறது. தேசிய கல்வி நிறுவகம் பாடத்திட்டங்களையும் ஆசிரியர் வழிகாட்டிகளையும் வெளியிடுகிறது. கல்வி அமைச்சின் இ-தக்சலாவத் தளத்தில் பாடசாலைத் தரங்களுக்குரிய பாடங்கள் மும்மொழியிலும் உள்ளன. 2005 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருக்கின்றன. 2003 இல் தொடங்கி, யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் முன்னின்று வளர்த்த தமிழ் விக்கிப்பீடியாவும் இருக்கிறது. ஆனால் இவை இருக்கின்றன என்று மாணவரிடம் சொல்லி, முகவரிகளை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது எத்தனையோ பிள்ளைகளுக்கு முகவரிகள் அனுப்பப்பட்டன; அவற்றைத் திறந்தவர்களில் பலர் முதற்பக்கத்தைத் தாண்டவில்லை. தாங்கள் எத்தகைய இடத்துக்குள் நுழைந்திருக்கிறோம், அது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்ற எண்ணம் அவர்களுக்கு இருக்கவில்லை. இந்த எண்ணத்தை விரைவாக ஊட்டுவதற்கு உவமை மிக நல்ல கருவி. அதே உவமை, கவனமின்றிக் கையாளப்பட்டால், மாணவரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

சனசமூக நிலையங்களிலும் பாடசாலை நூலகங்களிலும் ரியூசன் வகுப்புகளிலும் வீட்டிலும் பிறருக்கு இணைய வளங்களைக் காட்டிக்கொடுக்கப் புதிதாக முன்வருபவர்களுக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. கணினி பற்றிய பெரிய அறிவு எதுவும் இதற்குத் தேவையில்லை.

முதலில் பார்த்துக்கொண்டிருங்கள்

உதவ வருபவரின் கை முதலில் மாணவரின் தொலைபேசியை நோக்கித்தான் நீளும். அதை வாங்கி, நான்கு இடத்தில் தட்டி, வேண்டிய பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டால் அன்றைய தேவை தீரும். மறுநாள் அவர் பழைய இடத்திலேயே நிற்பார். ஆகவே முதற் பத்து நிமிடங்களுக்குத் தொலைபேசி மாணவரின் கையிலேயே இருக்கட்டும். அவர் எதைத் தேடுகிறார் என்று கேட்டுவிட்டு, அதைத் தேடும்போது விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

தடுமாற்றங்கள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. சிலர் ஒரு தளத்துக்குள் நுழைந்த பின்னர் எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்று அறியாமல் மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருப்பார்கள். சிலர் ஓர் இணைப்பிலிருந்து இன்னோர் இணைப்புக்குத் தாவி, தொடங்கிய பக்கத்துக்குத் திரும்பமுடியாமல் எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி தேடுபொறியிலிருந்து ஆரம்பிப்பார்கள். இன்னும் சிலருக்குத் தேடலும் திரும்பலும் நன்றாகவே வரும். கிடைத்த பத்து முடிவுகளில் எதை நம்புவது என்பதே அவர்களுடைய சிக்கல். இந்த மூன்றுக்கும் ஒரே உவமை உதவாது. எது மாணவரின் தடுமாற்றம் என்று தெரியாமல் உவமை சொல்லத் தொடங்குவது, நோயைக் கேளாமல் மருந்தெழுதுவதற்கு ஒப்பானது.

மாணவருக்குத் தெரிந்த இடம் எது

உவமை சொல்பவர்கள் பெரும்பாலும் தமக்குத் தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறார்கள். கேட்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதே முதல் நிபந்தனை. கணினித் திரையில் நாம் இன்று காணும் கோப்புறை, குப்பைத்தொட்டி போன்ற படங்கள், 1981 இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்ரார் கணினியிலும் 1984 இல் வெளிவந்த ஆப்பிள் மக்கின்ரோஷிலும் பரவிய அலுவலக மேசை உவமையின் எச்சங்கள். அக்கால அமெரிக்க அலுவலகத்தில் வேலை செய்தவருக்கு அந்தப் படங்கள் பார்த்தவுடனேயே விளங்கின. அத்தகைய அலுவலகத்தைக் காணாத பிள்ளைக்கு அவை உவமையாக வேலை செய்வதில்லை. மனனம் செய்யவேண்டிய வெறும் அடையாளங்களாகவே போய்ச் சேருகின்றன.

யாழ்ப்பாணத்தில் இணையப் பாடவளங்களை விளக்க வாசிகசாலையோ நூலகமோ இயல்பாகவே நினைவுக்கு வரும். ஊருக்கு ஊர் சனசமூக நிலையமும் அதில் பத்திரிகை மேசையும் இருக்கும் நாட்டில் இது பொருத்தமான தெரிவுதான். ஆயினும் நீங்கள் எதிரே இருக்கும் மாணவரைக் கேளுங்கள்: கடைசியாக ஒரு நூலை இரவல் எடுத்தது எப்போது? அந்த நூலை எப்படித் தேடினார்? பத்திரிகை பார்க்க மட்டுமே வாசிகசாலைக்குப் போன பிள்ளைக்கு நூற்பட்டியல் என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. அப்படியானால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, அவருக்கு நன்கு பழக்கமான வேறொன்றைத் தேடிக்கொள்வது. மற்றது, ஒரு பின்னேரம் அவரை யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கோ அருகிலுள்ள பிரதேச நூலகத்துக்கோ கூட்டிச் சென்று, உசாத்துணைப் பகுதி ஏன் தனியே இருக்கிறது, இரவல் பகுதியில் நூல்கள் எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டுள்ளன என்று நடந்து காட்டுவது. இரண்டாவது வழியையே நான் விரும்புகிறேன். அங்கே காலால் நடந்து கற்றுக்கொண்ட ஒழுங்கு, பின்னர் எந்தத் தளத்தைத் திறந்தாலும் துணைக்கு வரும்.

வினையையும் பயனையும் பாருங்கள்

எந்த உவமையைத் தெரிவது என்ற கேள்விக்குத் தமிழ் இலக்கண மரபிலேயே நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. தொல்காப்பியத்தின் உவமவியல், ஒரு பொருளை இன்னொன்றோடு ஒப்பிடுவதற்கு வினை, பயன், மெய், உரு என்னும் நான்கு அடிப்படைகளைச் சொல்கிறது. செய்யும் செயலால் ஒப்புமை வரலாம், கிடைக்கும் பயனால் வரலாம், வடிவத்தால் வரலாம், நிறத்தால் வரலாம். செய்யுளுக்கு நான்கும் அழகு செய்யும். மாணவரை ஒரு தளத்துக்குள் அழைத்துச் செல்வதற்கு முதலிரண்டுமே பயன்படும்.

இணையம் சிலந்திவலை போன்றது என்று சொன்னால் வடிவ ஒப்புமை கிடைக்கிறது. ஆனால் அதைக் கேட்ட மாணவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அதில் எந்தக் குறிப்பும் இல்லை; வலையில் அகப்பட்ட பூச்சியின் நினைவுதான் வரும். பாடநூல் தளம் ஒரு நூலகம் போன்றது என்றால், நூலகத்தில் செய்யும் செயல்கள் அத்தனையும் மாணவரின் மனத்தில் எழுகின்றன: உள்ளே போவது, பகுதியைத் தெரிவது, பட்டியலைப் பார்ப்பது, எடுத்துக்கொண்டு வெளியே வருவது. உவமையைச் சொல்லிப் பார்த்தபின் “இதைக் கேட்டவர் இப்போது என்ன செய்வார்?” என்று உங்களையே கேளுங்கள். விடை வரவில்லையென்றால் அந்த உவமையை விட்டுவிடுங்கள், அது எவ்வளவு அழகாக இருந்தாலும்.

ஒன்றுக்கு ஒன்றாகப் பொருத்துங்கள்

உவமையைச் சொல்வதோடு நின்றுவிடுவதே புதியவர்களிடம் அதிகம் காணப்படும் குறை. “இது நூலகம் மாதிரி” என்ற ஒரு வசனம் மாணவருக்கு எதையும் கற்றுத்தராது. எதற்கு எது ஒப்பு என்று ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டவேண்டும். அதைவிட நல்லது, மாணவரையே பொருத்தச் சொல்வது. அமெரிக்கக் கல்வியியலாளர் ஷோன் கிளின் உவமையைக் கொண்டு கற்பிப்பதற்கு வகுத்த ஆறு படிகளின் நடுப்பகுதி முழுவதும் இந்தப் பொருத்தும் வேலைதான்: கற்கவேண்டியதை அறிமுகப்படுத்துதல், தெரிந்ததை நினைவூட்டுதல், இரண்டிலும் உரிய கூறுகளை இனங்காணுதல், ஒப்புமைகளைப் பொருத்துதல், ஒப்புமை எங்கே முறிகிறது என்று காட்டுதல், முடிவுக்கு வருதல்.

ஓர் உதாரணத்தை விரிவாகப் பார்ப்போம். சாதாரண தரம் படிக்கும் ஒரு மாணவர் தரம் 11 விஞ்ஞானப் பாடநூலில் ஒளித்தொகுப்பு அத்தியாயத்தைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளம் அவருடைய தொலைபேசியில் திறந்திருக்கிறது. உரையாடல் ஏறத்தாழ இப்படிப் போகலாம்.

“தம்பி, வாசிகசாலையிலை விஞ்ஞானப் புத்தகம் தேடினால் முதல்லை எங்கை போவீர்?”

“விஞ்ஞான அலுமாரிக்கு, சேர்.”

“அப்ப இதுக்குள்ளை அலுமாரி எது? காட்டும் பாப்பம்.”

மாணவர் பக்கத்தை மேலும் கீழும் உருட்டிவிட்டு, “பாடம் ஒண்டும் இல்லை சேர், மொழியும் தரமும்தான் கிடக்குது” என்பார்.

இந்த இடத்தில் அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள். மாணவர் மிக முக்கியமான ஒன்றைத் தானாகவே கண்டுபிடித்திருக்கிறார். நூலகத்தில் நூல்கள் பாடவாரியாக அடுக்கப்படுகின்றன. உலகெங்கும் பல நூலகங்கள் பின்பற்றும் டூயி தசமப் பகுப்பில் 500 ஆம் வரிசை முழுவதும் அறிவியலுக்குரியது, எந்த வயதினருக்கான நூலாக இருந்தாலும். பாடநூல் தளமோ மொழி, தரம், நூல் என்ற ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கிறது. “இந்த நூலகத்திலை முதல் மொழிக்கு ஒரு அறை, அதுக்குள்ளை தரத்துக்கு ஒரு அலுமாரி, அலுமாரிக்குள்ளைதான் பாடம்” என்று மாணவரே சொல்லும் நிலைக்கு அவரைக் கொண்டுவாருங்கள். சொன்னபின் அவர் தமிழைத் தெரிவார், தரம் 11 ஐத் தெரிவார், விஞ்ஞானத்தைத் தெரிவார், அத்தியாயங்களின் வரிசை வந்துவிடும். அடுத்த முறை இ-தக்சலாவைத் திறக்கும்போது “இங்கே முதல் அறை எது?” என்ற கேள்வியை அவர் தாமாகவே கேட்டுக்கொள்வார். ஒரு தளத்தின் ஒழுங்கை இன்னொரு தளத்தின் ஒழுங்கிலிருந்து பிரித்தறியும் இந்தப் பழக்கமே நீங்கள் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய உதவி.

மற்றப் பொருத்தங்களை வேகமாக முடிக்கலாம். தளத்துக்குள் இருக்கும் தேடற்பெட்டி நூற்பட்டியலுக்கு ஒப்பு. நூலின் உள்ளடக்கப் பக்கத்துக்கு ஒப்பு அத்தியாய வரிசை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் பயன்படுத்தும் மூடில் போன்ற கற்றல் முகாமைத் தளங்களில் ஒவ்வொரு பாடநெறிக்கும் ஒரு பக்கம் இருக்கும். அதை விளக்க நூலகத்தை விட வகுப்பறை பொருந்தும், ஏனென்றால் அங்கே ஒப்படை கொடுப்பதும் வாங்குவதும் நடக்கின்றன. இவற்றை ஒரு தாளில் இரண்டு நிரல்களாக மாணவரையே எழுதவிடுங்கள்.

எங்கே முறிகிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்

ஒப்புமை முறியும் இடங்களைச் சொல்லாமல் விடுவதே உவமையால் வரும் தீங்குகளில் பெரியது. மக்கின்ரோஷ் கணினியில் ஒரு கோப்பைக் குப்பைத்தொட்டிப் படத்துக்குள் இழுத்துப் போட்டால் அது அழிக்கப்படுவதற்காக ஒதுக்கப்படும். இதில் குழப்பம் இல்லை. ஆனால் அதே கணினியில் நெகிழ்வட்டை வெளியே எடுப்பதற்கும் அதன் படத்தைக் குப்பைத்தொட்டிக்குள் இழுத்துப் போடவேண்டியிருந்தது. உவமையை நம்பியவர்கள் வட்டில் உள்ளவை அழிந்துவிடும் என்று அஞ்சினார்கள். அவர்களுடைய அச்சம் முற்றிலும் நியாயமானது. பிற்காலத்தில் ஆப்பிள், வட்டை இழுக்கத் தொடங்கியவுடன் குப்பைத்தொட்டிப் படம் வெளியேற்றும் குறியாக மாறும்படி செய்தது. அதாவது, உவமை முறியும் இடத்தில் ஓர் அறிவிப்பை வைத்தது. மாணவரோடு இருக்கும்போது அந்த அறிவிப்பை நீங்கள்தான் செய்யவேண்டும்.

நூலக உவமை குறைந்தது மூன்று இடங்களில் முறிகிறது.

இரவல் எடுத்த நூல் அலுமாரியில் இருக்காது. பதிவிறக்கிய கோப்பு ஒரு பிரதி மட்டுமே, தளத்தில் உள்ளது அப்படியே இருக்கும். இது பெரியவர்களுக்குக் கற்பிக்கும்போது எதிர்பாராத ஆழத்துக்குப் போகக்கூடிய விடயம். நூலகம் என்ற சொல்லைக் கேட்டதும் யாழ்ப்பாணத்தில் மூத்த தலைமுறையினரின் நினைவு 1981 ஆம் ஆண்டு மே 31 இரவுக்கும் ஜூன் 1 விடியலுக்கும் இடையில் பொது நூலகம் எரிக்கப்பட்டதற்கே போகும். ஏறத்தாழ 97,000 நூல்கள் அதில் அழிந்தன, அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் இருந்தன. அப்படிப்பட்டவர் “இணையத்திலை இருக்கிறதும் ஒரு நாள் இல்லாமல் போகுமோ?” என்று கேட்டால், அந்தக் கேள்வியைக் கடந்துபோகாதீர்கள். போகும். தளங்கள் மூடப்படுகின்றன, முகவரிகள் மாறுகின்றன, பக்கங்கள் காணாமற் போகின்றன. ஆனால் எரிந்த ஏட்டுக்கு இல்லாத ஒரு வசதி கோப்புக்கு இருக்கிறது: அதை எத்தனை பேரும் எத்தனை இடங்களிலும் பிரதியெடுத்து வைத்திருக்கலாம். தேவையான அத்தியாயங்களைப் பதிவிறக்கித் தொலைபேசியில் ஒன்று, வீட்டிலோ சனசமூக நிலையத்திலோ உள்ள கணினியில் ஒன்று என்று வைத்துக்கொள்ளும்படி அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். டேற்றா செலவும் இதனால் குறையும்.

இரண்டாவது, நூலகத்துக்கு ஒரு வாசல்தான் இருக்கிறது. தேடுபொறி வழியாக வருபவரோ வாசலால் வருவதில்லை; அவர் ஏதோ ஓர் அலுமாரியின் மூன்றாவது தட்டுக்கு முன்னால் நேராக இறக்கப்படுகிறார். அவர் நிற்பது எந்த நூலகம் என்பதே அவருக்குத் தெரிவதில்லை. எனவே தேடுபொறியால் வந்தவுடன் செய்யவேண்டிய முதல் வேலை, மேலேயுள்ள முகவரியைப் படித்துத் தளத்தின் பெயரை வாயால் சொல்வதும், முகப்புக்குப் போகும் குறியைக் கண்டுபிடித்து ஒருமுறை வாசலுக்குப் போய் வருவதும் ஆகும். தொலைபேசித் திரையில் முகவரி பாதி மறைந்திருக்கும். அதைத் தொட்டால் முழுதும் தெரியும் என்பதைக் காட்டிக்கொடுங்கள்.

மூன்றாவது, தேடற்பெட்டிக்கு நூலகரின் அறிவு இல்லை. நூலகரிடம் அரைகுறையாகக் கேட்டாலும் அவர் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொள்வார். எந்தப் பாடசாலை, எத்தனையாம் தரம் என்று திருப்பிக் கேட்பார். தேடற்பெட்டி நீங்கள் எழுதிய சொல்லையே பெரிதும் நம்பியிருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இதனால் வரும் குறிப்பான சிக்கல் ஒன்று உண்டு. ‘ஒளிச்சேர்க்கை’ என்று தேடினால் தமிழ்நாட்டுப் பாடநூல்களும் அவற்றை ஒட்டிய காணொளிகளும் வரிசையாக வரும். ‘ஒளித்தொகுப்பு’ என்று தேடினால்தான் இலங்கைப் பாடத்திட்டத்துக்குரியவை மேலே வரும். ஒட்சிசன், ஐதரசன், பௌதிகவியல், இரசாயனவியல் என்பவற்றுக்கும் இதுவே நிலை. தமிழ்நாட்டு வளங்கள் தரம் குறைந்தவை என்பதல்ல. விளக்கம் வேண்டும்போது அவற்றையும் தாராளமாகப் பார்க்கலாம். பரீட்சை வினாத்தாளில் வரும் சொல்லையும் பாட எல்லையையும் அறியவேண்டியபோது பாடநூலில் உள்ள சொல்லைப் பார்த்து எழுதித் தேடுவதே சரியான வழி. மாணவர் பாடநூலை அருகில் வைத்துக்கொண்டு தேடப் பழகட்டும்.

தடுமாற்றம் மாறினால் உவமையும் மாறட்டும்

மின்சாரத்தை மக்கள் எவ்வாறு மனத்தில் உருவகிக்கிறார்கள் என்று டெட்ரே ஜென்ட்னர், டொனால்ட் ஜென்ட்னர் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1983 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குழாயில் ஓடும் நீராக அதை நினைத்தவர்கள் மின்கலங்களை இணைப்பது பற்றிய கேள்விகளையும், வாயில்களுக்கூடாக நெருக்கியடித்துப் போகும் கூட்டமாக நினைத்தவர்கள் தடைகளை இணைப்பது பற்றிய கேள்விகளையும் ஒப்பீட்டளவில் நன்றாகச் செய்தனர். ஒவ்வோர் உவமையும் தன் எல்லைக்குள் ஒளி தருகிறது. எல்லைக்கு வெளியே அதையே பிடித்துக்கொண்டிருந்தால் பிழைக்கத்தான் செய்யும்.

நூலக உவமை ஒரு தளத்துக்குள் பொருளைக் கண்டுபிடிக்க உதவும். ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவித் தொலைந்துபோகும் மாணவருக்கு அது போதாது. விக்கிப்பீடியாக் கட்டுரை ஒன்றைப் படிக்கத் தொடங்கியவர், நீல நிறச் சொற்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, அரை மணித்தியாலத்தில் எங்கோ போய் நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இவருக்குப் பயண உவமை வேண்டும். யாழ்ப்பாண பஸ் நிலையத்திலிருந்து பருத்தித்துறைக்குப் புறப்பட்டவர் நெல்லியடியில் இறங்கி வேறு பஸ் ஏறலாம், அதில் குற்றமில்லை. ஏறும்போது எங்கே போகிறோம், எதற்காகப் போகிறோம், எப்படித் திரும்புவோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ஓர் இணைப்பைத் தொடுமுன், அங்கே போய் எதை அறிந்துவரப் போகிறேன் என்று மாணவர் ஒரு வசனத்தில் சொல்லட்டும். சொல்ல வராவிட்டால் தொடவேண்டாம்.

பின்செல்லும் அம்புக்குறி வந்த வழியே ஒவ்வொரு தரிப்பிடமாகத் திரும்புவதைப் போன்றது என்றால் எல்லோருக்கும் விளங்கும். இந்த உவமை முறியும் இடம் புதிய தத்தல், அதாவது உலாவியில் ஒரு பக்கத்தை மூடாமலே இன்னொரு பக்கத்தைத் திறக்கும் தனித் தாள் (ஆங்கிலத்தில் tab). சில இணைப்புகள் தொட்டவுடன் வேறொரு தத்தலில் திறக்கும். கணினியில் அந்தத் தத்தலில் பின்செல்லும் அம்புக்குறி மங்கலாகிக் கிடக்கும், எத்தனை தரம் அழுத்தினாலும் அசையாது. மாணவர் தான் எதையோ பழுதாக்கிவிட்டதாகப் பயப்படுவது இந்த இடத்தில்தான். பழைய பக்கம் பக்கத்துத் தத்தலில் அப்படியே காத்திருக்கிறது என்பதைக் காட்டுங்கள். பஸ் யாருக்காகவும் இப்படிக் காத்து நிற்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். தொலைபேசியில் திறந்திருக்கும் தத்தல்களின் எண்ணிக்கை ஒரு சிறு சதுரத்துக்குள் தெரியும். அதைத் தொட்டு, தேவையற்றவற்றை மூட அவரே பழகவேண்டும்.

உவமை சொல்லக்கூடாத இடங்கள்

கடவுச்சொல்லுக்கு உவமை சொல்லாதீர்கள். வீட்டுத் திறப்பு போன்றது என்று பலர் சொல்கிறார்கள். திறப்பை அயலவரிடம் கொடுத்துத் திரும்ப வாங்கிவிடலாம், அது தம் கையில் இல்லாத நேரம் எது என்பதும் கொடுத்தவருக்குத் தெரியும். கடவுச்சொல்லை ஒருமுறை சொல்லிவிட்டால் அது கேட்டவரிடம் இருந்துகொண்டே இருக்கும். எவரிடமும் சொல்லக்கூடாது, ஒவ்வொரு தளத்துக்கும் வெவ்வேறாக இருக்கவேண்டும், சொல்லிவிட்டால் உடனே மாற்றவேண்டும் என்று நேராகச் சொல்வதே போதும்.

கடவுச்சொல்லையும் பயனர் பெயரையும் சோதனைச் சாவடியில் அடையாள அட்டை காட்டுவதோடு ஒப்பிடுவதையும் தவிர்த்துவிடுங்கள். எங்கள் பெரியவர்களுக்கு அது நொடியில் விளங்கும், உண்மைதான். ஆனால் உவமை அறிவை மட்டும் கொண்டுவருவதில்லை; அந்த இடத்தில் நின்றபோது இருந்த உணர்வையும் கூடவே கொண்டுவருகிறது. கடவுச்சொல்லைப் பிழையாக எழுதினால் ஏதோ தண்டனை வரும் என்ற பதற்றத்தோடு ஓர் அம்மா திரையின் முன் அமர்வாரானால், அந்த உவமை செய்த கெடுதியை நீங்கள் பிறகு நெடுநாள் இருந்து திருத்தவேண்டியிருக்கும். பிழையாக எழுதினால் மறுபடி எழுதலாம், மறந்துவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்பதை முதலிலேயே செய்து காட்டுங்கள்.

எதை நம்புவது என்பதையும் நேராகவே கற்பிக்க வேண்டும். இந்தப் பக்கத்தை வெளியிட்டவர் யார்? எந்த நாட்டுப் பாடத்திட்டத்துக்குரியது? எந்த ஆண்டில் எழுதப்பட்டது? பாடத்திட்டம் அதன் பின் மாறியிருக்கிறதா? இலங்கை அரசாங்கத் தளமென்றால் முகவரி ‘ஜிஓவி.எல்கே’ (gov.lk) என்ற எழுத்துகளைக் கொண்டிருக்கிறதா? யூரியூப்பில் ஒரு காணொளியின் பார்வையாளர் எண்ணிக்கை அதன் சரிபிழைக்குச் சான்றாகாது என்பதையும், கடந்தகால வினாத்தாள்களுக்கு யாரோ எழுதிய விடைகளுக்கும் பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளித்திட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் உண்மையான பக்கங்களைத் திறந்துவைத்து ஒப்பிட்டுக் காட்டுங்கள். இதற்கு இரண்டு மூன்று அமர்வுகள் பிடிக்கும். அந்த நேரத்தைக் கொடுக்கத்தான் வேண்டும்.

உவமையை இறக்கி வைக்கும் நேரம்

மாணவர் “அலுமாரி” என்று சொல்வதை நிறுத்திவிட்டு “தரம்”, “அலகு”, “தத்தல்” என்று சொல்லத் தொடங்கும்போது உவமை தன் வேலையை முடித்துவிட்டது. அதன் பின்னும் நீங்கள் அலுமாரியிலேயே நின்றால் அவருக்கு அது தடையாகிவிடும். அடுத்த அமர்வில் அவர் இதுவரை காணாத ஒரு தளத்தைக் கொடுத்து, உங்கள் உதவியின்றி ஒரு குறித்த பொருளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் மறுபடியும் முதல்நாள் போலப் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். புதிய இடத்தில் பழைய தடுமாற்றமே தெரிந்தால், பொருத்தும் வேலை போதவில்லை என்று கொண்டு அந்தப் படிக்குத் திரும்புங்கள்.

சனசமூக நிலையத்தில் பலர் மாறி மாறி உதவுவதாயின் ஒரு கொப்பியில் சுருக்கமான குறிப்பு வைத்துக்கொள்வது நல்லது. மாணவரின் பெயர் வேண்டாம். எந்தத் தளம், எந்தத் தடுமாற்றம், எந்த உவமை சொல்லப்பட்டது, எந்த இடத்தில் முறிந்தது என்ற நான்கும் ஒரு வரியில் அடங்கும். தளங்களின் அமைப்பு மாறும்போது அந்தத் திகதியையும் எழுதுங்கள், ஏனென்றால் போன வருடம் சரியாகப் பொருந்திய ஒப்புமை இந்த வருடம் பொருந்தாமல் போகலாம், அதை முதலில் அறிய வேண்டியவர் அடுத்த முறை அந்த மேசையில் இருந்து உதவப் போகிறவரே.